ராஜ வீதிச் சந்தில் பெண் பார்த்தது

19 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் மில் ஓடியது. களத்தில் தேங்காய் நாரைக் காயப் போட்டுக்கொண்டிருக்கும்போது தம்பிதுரை மாமாவிடமிருந்து போன். அம்மாவின் அண்ணன். எனக்குப் பெண் தேடுவதைச் சில வருடங்களாகவே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கிறார்.

"மாப்ளே, ஒரு எடம் வந்திருக்குது. கோயமுத்தூர்ப் பொண்ணு. பழைய கட்டடங்களச் சரி பண்ற ஆர்க்கிடெக்ட்டாமா. குலக் கூட்டமும் வேற வேறதான், கட்டலாம். ஜாதகமும் பொருந்துது."

"நம்முளுது நார் மில்லுன்னு சொன்னீங்களா?"

"சொல்லியாச்சு."

"'ஓ'ன்னாங்களா?"

மாமா சிரிக்கவில்லை. அவருக்கும் தெரியும். பையன் கோட்டூரில் தென்னந்தோப்பும் நார் மில்லும் பார்க்கிறான் என்று சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு 'ஓ' வரும். நீளமாக. அப்புறம் ஜாதகத்தில் ஏதாவது ஒரு தோஷம் தட்டுப்படும். முப்பத்தாறு வயதில் என் ஜாதகத்தில் இல்லாத தோஷமே இல்லை.

இந்த இடத்தில் 'ஓ' வரவில்லையாம். பதிலுக்கு ஒரு நிபந்தனை வந்திருக்கிறது. பெண் காபித் தட்டோடு வந்து நிற்க மாட்டாள். அடுத்த மாதம் ஒரு சனி ஞாயிறு, டவுன்ஹால் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் பழைய கட்டடங்களையெல்லாம் பொதுமக்கள் பார்ப்பதற்குத் திறந்துவிடப் போகிறார்கள். அதில் ஒரு வீட்டை அவள்தான் சுற்றிக் காட்டுகிறாள். வந்து பார்க்கலாமாம்.

"பொண்ணு பாக்கறதா, கட்டடம் பாக்கறதா மாமா?"

"ரெண்டுந்தான்னு வெச்சுக்க."

21 ஜனவரி, செவ்வாய்

"ஊட்டுக்குள்ள பாக்காம ரோட்டுல வெச்சா பொண்ணு பாப்பாங்க?" — அம்மா இதை மூன்று வேளையும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுகிறாள்.

26 ஜனவரி, ஞாயிறு

அவளே கூப்பிட்டாள். தெரியாத நம்பர், லாரிக்காரராக இருக்கும் என்று நினைத்து, "பெல்ட் மாத்திட்டு இருக்கறம்ணா, சித்த நேரம் கழிச்சுக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

"நான் லோகப்பிரியா பேசறனுங்க. பெல்ட்ட மாத்திட்டே வாங்க, பரவால்ல."

கையெல்லாம் கிரீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினேன். பழைய கட்டடத்தில் எல்லாம் எனக்கு ஆர்வம் உண்டா என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். "ஆர்வம்னெல்லாம் இல்லீங்க. இதுவரைக்கும் அதுக்கு நேரமே வந்ததில்ல" என்றேன். சரி, இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

"அப்ப வாங்க. ஆர்வம் இருக்கறவங்க நெறையப் பேர் வர்றாங்க. அவங்க என்னையப் பேசவே உடறதில்ல" என்றாள்.

எதற்காக இப்படி ஒரு ஏற்பாடு என்று கேட்டேன். உட்கார்ந்து பார்த்தால் எல்லோருமே நல்லவர்களாகத்தான் தெரிகிறார்களாம். கூட நடந்தால்தான் ஆள் தெரியுமாம்.

பெல்ட்டைத் திருப்பிப் போட்டுவிட்டேன். மறுபடியும் கழற்ற வேண்டியதாயிற்று.

7 பிப்ரவரி, வெள்ளி

நாளைக்கு. அம்மா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். அவள் வரவில்லை. "ரோட்டுல நின்னு மருமகளப் பாக்க என்னால ஆகாது சாமி."

மாமா வருகிறார். "நீ பேசாம இரு மாப்ளே, பேச வேண்டியத நான் பேசிக்கறேன்." அதுதான் எனக்குப் பயம்.

8 பிப்ரவரி, சனி

எழுத நிறைய இருக்கிறது. வரிசையாக எழுதாவிட்டால் பாதி விட்டுப்போகும்.

காரை நிறுத்த இடம் தேடியதிலேயே மாமாவின் பொறுமை பாதி தீர்ந்துவிட்டது. டவுன்ஹால் வாசலில் எல்லோருக்கும் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டிவிட்டார்கள். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குக் காதுல மாட்டற மாதிரியில்ல இருக்குது" என்றார். பின்னால் நின்ற பெரியவர் சத்தமாகச் சிரித்தார். உக்கடத்துக்காரர், பெயர் பீர் முகம்மது என்று அப்போதே சொன்னார். கடைசிவரை எங்களோடுதான் இருந்தார்.

டவுன்ஹால் எனக்கு இத்தனை வருடமும் ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர். அதற்கு உள்ளே போகலாம் என்பதே இன்றுதான் தெரியும். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தேன். வெளியே அவ்வளவு ஹாரன், உள்ளே ஒரு குருவியின் சத்தம் தனியாகக் கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. மாமா மட்டும் வழிகாட்டிய பெண்ணிடம், "இதுக்குப் பட்டா யார் பேர்லங்க இருக்குது?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினார்.

அடுத்தது ராஜ வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பஞ்சு வியாபாரி ஒருவர் கட்டிய பழைய தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வானம் பார்த்த முற்றம், அதுதான் தொட்டி. அங்கேதான் லோகப்பிரியா. காட்டன் சுடிதார், கழுத்தில் அட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. போட்டோவில் இருந்ததைவிட வெயிலில் அலைந்த முகம். எங்களைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். "வாங்க. கூட்டத்தோட கூட்டமா வாங்க, தனி உபசரிப்பெல்லாம் கெடையாது" என்றாள். மாமாவின் மீசை துடித்தது.

எங்களுக்கு முந்தைய குழு உள்ளே இருந்தது. அவர்கள் வரட்டும் என்று வாசலில் நின்றோம். திடீரென்று உள்ளே ஒரு சத்தம். "வெளிய போங்க! எல்லாரும் வெளிய போங்க!" கையில் செருப்பைப் பிடித்தபடி ஜனங்கள் தடதடவென்று வெளியே வந்தார்கள். பின்னாலேயே வயதான ஒருவர் வந்து கதவைச் சாத்தினார். தாழ் விழும் சத்தம் தெருவுக்கே கேட்டது.

நடந்தது இதுதான். மூடியிருந்த பக்கத்து அறையை யாரோ ஒருத்தன் தள்ளித் திறந்து போட்டோ எடுத்திருக்கிறான். உள்ளே கட்டிலில், நடமாட முடியாத ஒரு அம்மா. வீட்டுக்காரரின் மனைவி. அந்த ஆள் சந்து முனை தாண்டி எப்போதோ போய்விட்டான்.

லோகப்பிரியா கதவைத் தட்டினாள். "ஐயா, நாந்தானுங்க. தப்பு எங்க பேர்லதான். அந்தக் கதவுகிட்ட ஒரு ஆள நிறுத்தியிருக்கோணும்."

ஜன்னலில், கதவைச் சாத்திய வீட்டுக்காரரின் முகம் தெரிந்தது. லட்சுமணசாமி. அவருக்குக் கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. "ஊட்டப் பாக்கறதுக்குத்தானம்மா நான் சரீன்னேன். என்ற ஊட்டுக்காரியப் பாக்கறதுக்கா சொன்னேன்? போயிருங்கம்மா."

கூட்டத்தில் முணுமுணுப்பு. கேரளாவிலிருந்து வந்திருக்கிறோம் என்று ஒருவர் சத்தம் போட்டார். லோகப்பிரியா திரும்பி, "அவர் சொன்னது சரிதானுங்க. இந்த வீடு இன்னைக்கு இல்ல. அடுத்த கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். குரல் உடையவில்லை. ஆனால் கழுத்தில் இருந்த அட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டைத் திறக்க வைக்க அவள் ஒரு வருடமாக நடந்திருக்கிறாள் என்று கூட இருந்த பெண் பிறகு சொன்னாள்.

நான் என்ன செய்வது என்று தெரியாமல், கூட்டத்தைவிட்டு விலகி வீட்டை ஒட்டிய பொடிச் சந்தில் போய் நின்றேன். தலைக்கு மேலே ஒரு ஜன்னல். அதிலிருந்து ஒரு குரல்:

"ஏனுங்க... வெளிய ஆராச்சும் இருக்கீங்களா?"

"இருக்கறனுங்கம்மா."

"சனமெல்லாம் போயிருச்சா?"

"இல்லீங்க. நிக்கறாங்க."

"அவரு கதவச் சாத்திப்போட்டாரா?"

"ஆமாங்க."

பிறகு, "காத்தாலருந்து காலடிச் சத்தமும் பேச்சுமா இருந்துதுங்க. நோம்பி, திருநா மாதிரி இருந்துது. ஏன் நின்னுபோச்சுன்னு கேட்டேன்" என்றார்.

ஓடிப்போய் லோகப்பிரியாவைக் கூட்டி வந்தேன். ஜன்னலுக்குக் கீழே நின்று அவளும் கேட்டாள். அந்த அம்மா, பூவாத்தாள் என்று பெயர், "அம்மணி, எல்லாரையும் வரச் சொல்லு" என்றார்.

நானாக இருந்தால் அப்போதே போய்க் கதவை இடித்திருப்பேன். லோகப்பிரியா அப்படிச் செய்யவில்லை. "ஐயாவுக்குச் சம்மதமில்லாம நாங்க வரமாட்டமுங்கம்மா. நீங்க அவர்கிட்டப் பேசுங்க. நாங்க நிக்கறோம்" என்றாள்.

உள்ளே "ஏனுங்க!" என்று ஒரு கூப்பாடு. படுத்த படுக்கையாக இருக்கிறவருக்கு அவ்வளவு குரல் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. அவர் வந்தார். பேசியது எங்களுக்குக் கேட்டது. கேட்கக் கூடாது என்று லோகப்பிரியா நகரப் பார்த்தாள், அதற்குள் கேட்டுவிட்டது.

"ஒறம்பரைன்னு நாலு சனம் வந்திருக்கறப்பக் கதவச் சாத்தற ஊடா இது?"

"உன்னய இப்புடி நாலு பேரு பாக்கோணுமா பூவு? எப்புடி இருந்தவ நீ."

"பாத்துப்போட்டுப் போகட்டுமே. நானும் அவங்களப் பாக்கறனல்லங்க. வருசக்கணக்கா உங்க மூஞ்சியும் நர்சம்மா மூஞ்சியும்தான் பாத்துட்டுக் கெடக்கறேன். உங்க மூஞ்சி நல்லாத்தான் இருக்குது. அதுக்குன்னு?"

தாழ் விலகியது.

அடுத்து நடந்தது ஒரு கலவரம். கட்டிலோடு நடுத்தொட்டிக்குக் கொண்டு வந்துவிடலாம் என்று பார்த்தால், அந்தக் காலத்து வாசற்படி குறுகல், கட்டில் நுழையவில்லை. குழுவில் டீனா என்று ஒரு நர்ஸ் இருந்தார். அவர் வந்து முதுகைத் தொட்டுப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "மெத்தையோடவே தூக்கலாம். ஆனா இடுப்பு தொங்கவே கூடாது" என்றார். மெத்தைக்கு அடியில் பவானி ஜமக்காளத்தைச் செருகினோம். நாலு மூலைக்கு நாலு பேர்: நான், மாமா, பீர் முகம்மது, லட்சுமணசாமி ஐயா. தலையைப் பிடித்தபடி டீனா. "மெதுவா, மெதுவா" என்று சொன்னது லோகப்பிரியா. மாமா அவ்வளவு பணிவாக யார் சொல்லையும் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

தொட்டிக்கு மேலே வானம். வெளிச்சம் பட்டதும் பூவாத்தாள் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். வலிக்கிறதோ என்று எல்லோரும் பயந்துவிட்டோம். "இல்ல இல்ல. கூசுது. நல்லாருக்குது" என்றார்.

அதன்பிறகு குழு குழுவாக வந்தார்கள். லோகப்பிரியா மரத்தூண்களையும், கலர்க் கண்ணாடி பதித்த ஜன்னல்களையும், வடக்கு வெளிச்சத்தில் பஞ்சின் தரம் பார்க்கிற மாடி அறையையும் காட்டினாள். எனக்குப் புரிந்தவரை புரிந்தது. ஆனால் அவள் தூணைத் தொடும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல. (இதை அவளிடம் சொல்லக் கூடாது.)

பூவாத்தாள் அம்மா வந்தவர்களையெல்லாம் பக்கத்தில் கூப்பிட்டு, இன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு, யார் வைத்தது என்று விசாரித்தார். என்னையும் கூப்பிட்டார்.

"நீ ஆரு கண்ணு? காத்தாலருந்து நிக்கற, போகவே மாட்டேங்கற?"

நான் முழிப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "பொண்ணு பாக்க வந்தமுங்க. இந்த லோகப்பிரியாவத்தான்."

தொட்டி முழுக்கச் சிரிப்பு. கேரளாக்காரர் கை தட்டினார். லோகப்பிரியா மாடிப்படியில் நின்றபடி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"பொண்ணு புடிச்சிருக்குதா?" என்றார் அந்த அம்மா.

"அவங்களுக்குப் புடிக்கோணுமுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

மேலே இருந்து பதில் வந்தது. "டூர் இன்னும் முடியலீங்க."

9 பிப்ரவரி, ஞாயிறு

இன்றும் போனேன். தனியாக, பஸ்ஸில். யாரும் கூப்பிடவில்லை. "இன்னைக்கு எதுக்கு?" என்றாள் அம்மா. பார்க்காத கட்டடம் பாக்கி இருக்கிறது என்றேன். சிரிப்பை அடக்கத் தெரியாதவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

லட்சுமணசாமி ஐயா என்னைப் பக்கத்து அறைக் கதவருகே நிறுத்தினார். அறை காலி, அம்மா காலையிலேயே தொட்டிக்கு வந்துவிட்டார். ஆனாலும் ஒரு ஆள் நிற்க வேண்டுமாம். நின்றேன். ஒரே ஒருவர்தான் கதவில் கை வைத்தார். பார்த்தேன், எடுத்துவிட்டார்.

மத்தியானம் லோகப்பிரியாவோடு சந்து முனைப் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும். நேராகச் சொன்னாள். வேலையை விடமாட்டாள். வேலை முக்கால்வாசி கோயமுத்தூரில். கோட்டூரில் வந்து இருக்க முடியாது. "இத முன்னாடியே சொல்லிட்டா யாரும் வர்றதில்லீங்க. வந்ததுக்கு அப்புறம் சொன்னா ஏமாத்தின மாதிரி இருக்குது. எப்பச் சொல்றதுன்னே தெரியல."

நானும் நேராகச் சொன்னேன். அப்பா போனபிறகு தோப்பும் மில்லும் என் கையில்தான். வேலை செய்கிற குடும்பங்களும் அதை நம்பித்தான். என்னாலும் விட முடியாது.

"சரி," என்றாள்.

"சரிங்க," என்றேன்.

சண்டையும் இல்லை, சம்மதமும் இல்லை. பன் நன்றாக இருந்தது என்று இரண்டு பேரும் சொன்னோம். இத்தனை பெண் பார்த்ததில் ஒருத்தியோடு உண்மையைப் பேசியது இதுதான் முதல் தடவை. அதுவே ஒரு நிம்மதியாக இருக்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

10 பிப்ரவரி, திங்கள்

மணிக்கட்டு மஞ்சள் பட்டையைக் கழற்ற மறந்து மில்லுக்குப் போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தீங்களாண்ணா என்று கேட்கிறார்கள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

டவுனில் மோட்டார் காயில் வாங்க வேண்டியிருந்தது. அப்படியே பூவாத்தாள் அம்மாவைப் பார்க்கப் போனேன். சாயங்காலமானால் தெருக்கதவைத் திறந்தே வைக்கிறார்கள். கட்டிலும் புதிது; சக்கரம் வைத்தது, வாசற்படிக்குப் பொருந்துகிற அகலம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். லட்சுமணசாமி ஐயா காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். "முன்னயெல்லாம் ஒரு டம்ளர் போட்டா பத்தும். இப்பப் பாருங்க, பால் சொசைட்டியே வெக்கலாமாட்ட இருக்குது" என்று அலுத்துக்கொண்டார். அலுப்பா அது?

லோகப்பிரியாவும் வந்தாள். பேசி வைத்துக்கொண்டு போகவில்லை. யார் நம்புவார்கள்? பூவாத்தாள் அம்மா நம்பவில்லை.

ஊர் திரும்பியபிறகு ராத்திரி போனிலும் பேசினோம். எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம்.

2 மார்ச், ஞாயிறு

இத்தன கோபம் எனக்கு வந்ததேயில்ல.

மாமா லோகப்பிரியா ஊட்டுக்குப் போன் பண்ணி "சரிப்பட்டு வராதுங்க"ன்னு சொல்லிப்போட்டாரு. அவ கோட்டூர்ல வந்து இருக்கமாட்டான்னு நான் சொன்னத வெச்சு, அம்மா சொல்லித்தான். போன வாரமே சொல்லியாச்சாம். எங்கிட்ட ஒரு வார்த்த? கல்யாணம் எனக்குத்தானே? இத்தன வருசம் அவங்க காட்டின எடத்துக்கெல்லாம் வெள்ளச் சட்ட போட்டுட்டுப் போய் உக்காந்தனே. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எனக்குப் புடிச்சிருந்துது.

அம்மாவிடம் கேட்டேன். "கல்யாணம் கட்டி, பொண்டாட்டி ஒரு ஊரு, நீ ஒரு ஊரா? இதுக்கு எதுக்கு ஒரு கல்யாணம்?" என்றாள். சோற்றைப் பிசைந்தபடி அழுதாள். அவளைத் திட்டவும் முடியவில்லை.

லோகப்பிரியாவைக் கூப்பிட்டேன்.

"உங்க ஊட்டுல சொன்னாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

போனைக் காதில் வைத்தபடி களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல," என்றாள். கொஞ்சம் விட்டு, "ஆனா ரொம்ப நாளும் இல்லீங்க."

5 மார்ச், புதன்

மில் ஓடியது. வீட்டில் பேச்சு ஓடவில்லை.

9 மார்ச், ஞாயிறு

காலையில் பைக்கைப் பொள்ளாச்சி ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு கோயமுத்தூர் ரயிலில் ஏறினேன். என்ன யோசனையில் ஏறினேன்? சும்மா, தினமும் போய்வர முடியுமா என்று பார்க்க. கிணத்துக்கடவு வந்தது. போத்தனூர் வந்தது. இறங்கினேன். ஸ்டேஷன் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்தேன். பெரிய பெரிய மரங்கள், ரயில்வே குவார்ட்டர்ஸ், சர்ச்சிலிருந்து பூசை முடிந்து வரும் கூட்டம். ஒரு டீ குடித்தேன். அங்கேயே நின்று அவளைக் கூப்பிட்டேன்.

"நடுவுல ஒரு ஊர்ல வீடு புடிச்சா என்னங்க? நீங்க அக்கட்டப் போயிட்டு வாங்க, நான் இக்கட்டப் போயிட்டு வாரேன்."

"நடுவுலன்னா? கிணத்துக்கடவா?"

"போத்தனூருங்க."

சிரித்துவிட்டாள். "போத்தனூர் எப்புடிங்க நடு? அது கோயமுத்தூரேதான். எனக்கு டவுன் பஸ்ல போற தூரம். மேப்ப எடுத்துப் பாருங்க, உங்களுக்குத்தான் அத்தனை தூரம்."

"மேப்பு எனக்கும் தெரியுமுங்க. எனக்கு இதுதான் நடு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். இல்லை, இருந்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வாரத்துல ரெண்டு நாள் நானும் கோட்டூர் வாரேன்," என்றாள். "வரையற வேலைய அங்க வெச்சுக்கறேன். ஒரு டேபிள் மட்டும் போட்டுக் குடுங்க."

10 மார்ச், திங்கள்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கத்தவில்லை. "நான் முடிவு பண்ணிட்டேம்மா. உனக்கும் புடிச்சா எனக்கு நெறவா இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். பதிலுக்கு இட்லி மட்டும் வந்தது.

15 மார்ச், சனி

இன்று நடந்ததை நானே நம்பவில்லை.

பொள்ளாச்சியில் ஒரு பழைய சத்திரத்தை லோகப்பிரியாவின் ஆட்கள் சரி செய்துகொண்டிருக்கிறார்கள். அம்மா அதை எப்படியோ தெரிந்துகொண்டு, மாமாவைக் காரெடுக்கச் சொல்லி, எனக்குத் தெரியாமல் அங்கே போய்விட்டாள். சண்டை போடத்தான் போனாளாம். அவளே ஒத்துக்கொண்டாள்.

போனபோது லோகப்பிரியா சாரத்தின் மேலே நின்றுகொண்டிருந்தாளாம். தலையில் ஹெல்மெட். கொத்தனாரிடம், "அண்ணா, இந்தப் பூச்சு புடிக்கல. உதுத்துப்போட்டு மறுபடியும் பூசுங்க. கோவிச்சுக்காதீங்க, நானும் கூடவே நிக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அம்மா கீழே நிழலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். லோகப்பிரியா இறங்கி வந்து, யாரென்று தெரிந்ததும், கையைத் துடைத்துக்கொண்டு, "சாப்டீங்களாங்க அத்தை?" என்றாளாம். சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து ரசஞ்சோற்றில் பாதி கொடுத்திருக்கிறாள். மாமாவுக்கு முறுக்கு மட்டும்தான் கிடைத்ததாம்.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: "அந்தப் புள்ளைய ஊட்டுக்குள்ள உக்கார வெச்சா ஊடு தாங்காது. ரசத்துல உப்புத்தான் கம்மி. அத நான் பாத்துக்கறேன்."

மாமா மறுபடியும் அவர்கள் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று என்னிடமே யோசனை கேட்கிறார். நன்றாக யோசிக்கட்டும்.

28 மே, புதன்

கல்யாணம் முடிந்தது. எழுத உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. லட்சுமணசாமி ஐயா வேனில் பூவாத்தாள் அம்மாவைக் கட்டிலோடு கொண்டு வந்துவிட்டார். முதல் வரிசையில் இருந்துகொண்டு மண்டபத்துச் சாம்பாரைக் குறை சொன்னார்.

16 ஜூன், திங்கள்

போத்தனூருக்குக் குடிவந்து பத்து நாள் ஆகப்போகிறது. வீட்டுக்காரர் ஜெரால்டு, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ரயில் எந்த பிளாட்பாரத்தில் வரும் என்று மாடியில் நின்றே சொல்லிவிடுகிறார். அவர் மனைவி அமலி அக்கா தினமும் ஏதாவது ஒரு கிண்ணத்தை மதில்மேல் வைத்துவிடுகிறார்; கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது எதைப் போட்டுக் கொடுப்பது என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் இப்போதைய கவலை. குழாயில் தண்ணீர் வரும் நேரம் பிடிபட்டுவிட்டது. லோகப்பிரியா காலையில் ஷூவைத் தேடுவாள், நான் ஸ்டேஷனுக்கு ஓடுவேன்.

இன்று மில்லில் வேலை அதிகம். நேற்று ராத்திரி மழை பெய்து களத்தில் இருந்த நார் பாதி நனைந்துவிட்டது. எல்லாவற்றையும் புரட்டிப் போட்டு முடித்தபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. கைகால் கழுவிக்கொண்டு அவசரமாகக் கிளம்பினேன். அம்மா வாசலில் உட்கார்ந்து என் பையில் முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, அதுக்குள்ள எங்க கெளம்பிட்ட?"

"நேரமாச்சும்மா, ஊட்டுக்குப் போறேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. நான் பிறந்த வீட்டின் வாசலில் நின்றுகொண்டு.

அம்மாவின் கை பைக்குள் அப்படியே நின்றது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போய், உரித்த தேங்காய் இரண்டைக் கொண்டு வந்து முருங்கைக்காய்க்கு அடியில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சரி, கெளம்பு. அவ வந்து காத்துட்டு இருப்பா."